யார் செய்த மாவலி?

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் எனக்கு ஒரு வியாதி வந்துவிடும். என் வீட்டார் அதற்குப் 'பழைய கதை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாசலில் அகல் விளக்கு ஏற்றும் நாள் நெருங்க நெருங்க, எங்கள் ஊரைப் பற்றியும், மழை விட்ட இரவுகளைப் பற்றியும், நான் சுற்றிய மாவலியைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிடுவேன். கேட்பவர்கள் கேட்டாலும் சரி, எழுந்து போனாலும் சரி. ஒவ்வோர் ஆண்டும் கதை கொஞ்சம் மெருகேறும். தீப்பொறிகள் சென்ற ஆண்டைவிட ஒரு முழம் உயரமாகப் பறக்கும்.

சென்ற ஆண்டு என் மகள் கதையின் நடுவே குறுக்கிட்டாள். அவளுக்குப் பதினோரு வயது.

"அப்பா, அந்த மாவலியை யார் செய்தது?"

"நான்தான்."

"அப்படியானால் எனக்கும் ஒன்று செய்து கொடுங்களேன்."

"அதற்கென்ன, பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, அதைப் பொடித்து..." என்று தொடங்கியவன் பாதியில் நின்றுவிட்டேன். கரியைத் துணியில் எவ்வளவு இறுக்கிச் சுற்ற வேண்டும், மட்டைகளுக்கு நடுவில் அதை எப்படி வைத்துக் கட்ட வேண்டும் என்று யோசித்தேன். என் கைக்குத் தெரியவில்லை. கை பழகிய வேலையைக் கை எளிதில் மறப்பதில்லை. ஐந்து வயதில் நீந்தக் கற்றவன் ஐம்பது வயதில் கிணற்றில் விழுந்தாலும் நீந்துவான். வாய்க்கு இவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒரு வேலை கைக்குத் தெரியவில்லை என்றால், அந்தக் கை அதை ஒருநாளும் செய்ததில்லை என்றுதான் அர்த்தம்.

மாவலியை நான் செய்யவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக 'நான் செய்தேன்' என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். பொய் என்று தெரிந்து சொன்னேனா என்றால் அதுவும் இல்லை. தெரிந்து சொன்ன பொய்யாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பேன். இது தெரியாமலே உண்மையாகிவிட்ட பொய். அதனால் வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. நாம் ஆசையோடு எடுத்து எடுத்துப் பார்க்கும் இளம்பருவத்து நினைவுகளில் இப்படி எத்தனை இருக்குமோ?

இந்தக் கேள்வியைத்தான் ஓர் ஆண்டாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். வாசகர்களும் கொஞ்சம் கைகொடுத்தால் நல்லது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பருவங்களைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதில் 'இலையுதிர் காலம்' என்று ஒன்று வரும். மரங்களெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக மாறி இலை உதிர்க்கும் என்று ஆசிரியர் படித்துக் காட்டினார். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து வேப்பமரம் பச்சைப் பசேலென்று நனைந்துகொண்டு நின்றது. எங்கள் ஊர் மரங்கள் பாடம் படிக்காத மரங்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது மாசி பங்குனியில். குளிர்நாட்டு மரம் பனிக்காலத்தை எதிர்பார்த்து இலையை உதிர்க்கிறது. நம் மரம் கோடை வறட்சியில் தண்ணீரை மிச்சம் பிடிக்க உதிர்க்கிறது. புத்தகம் சொன்ன இலையுதிர் காலத்தில் எங்களுக்கு இலை துளிர்க்கும்.

பழந்தமிழர் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் அவர்களுக்குக் கூதிர்க் காலம். வாடை வீசும், மழை பெய்யும், இரவு நீளும். தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி இந்த வடகிழக்குப் பருவக்காற்றில்தான் கிடைக்கிறது. 'கர்ணனுக்குப் பிறகு கொடை இல்லை, கார்த்திகைக்குப் பிறகு மழை இல்லை' என்று எங்கள் பாட்டி சொல்வாள். அந்த இருட்டுக்கும் ஈரத்துக்கும் பதில் சொல்வதுபோல், கார்த்திகை மீனும் முழுநிலவும் கூடும் நாளில் தெருவெல்லாம் விளக்கு வைத்தார்கள். இது நேற்று வந்த வழக்கமல்ல. அகநானூற்றில் நக்கீரர் பாட்டு ஒன்றில் இந்த விளக்கு வரிசை வருகிறது. 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பதிகத்திலும் கார்த்திகை விளக்கீடு வருகிறது. இத்தனை நூற்றாண்டுகளாக ஒரு சமூகம் விடாமல் செய்துவரும் காரியத்தில், ஏதோ ஒரு சத்தியம் இருக்கத்தான் வேண்டும்.

எங்கள் ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். செம்மண் தேரியும் பனங்காடுமான பூமி. கார்த்திகை அன்று வீடு முழுவதும் பனை மணக்கும். குருத்தோலைக்குள் அரிசி மாவையும் கருப்பட்டியையும் வைத்துக் கட்டி அவித்தெடுக்கும் ஓலைக் கொழுக்கட்டையை இன்று நினைத்தாலும் நாக்கில் நீர் ஊறுகிறது. கோயில் முன்னால் பனந்தடியை நட்டு, காய்ந்த ஓலைகளைச் சுற்றிக் கட்டிச் சொக்கப்பனை கொளுத்துவார்கள். மழை வந்து கெடுத்துவிடுமோ என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஆனால், சிறுவர்களாகிய எங்களுக்குச் சொக்கப்பனைகூட இரண்டாவதுதான். முதலாவது மாவலி.

மாவலியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டு சொல்வதால் இதை நம்பலாம். ஆண் பனையில் விரல் விரலாகப் பூங்கதிர் வரும். கோடையில் பூத்து, காய்ந்து, மரத்தடியில் விழுந்து கிடக்கும். அதைத்தான் பனம்பூ என்பது. மழைக்கு முன்பே பொறுக்கி, நனையாமல் அடுப்புக்கு மேலே பரணில் போட்டு வைக்க வேண்டும். கார்த்திகைக்குச் சில நாட்கள் முன்னால் குழி தோண்டி, அதில் பனம்பூவை அடுக்கித் தீ வைக்க வேண்டும். உள்ளும் புறமும் செக்கச் செவேலென்று கனியும் நேரம் பார்த்து மூடிவிட வேண்டும். முந்தினால் கரி ஆகாது, பிந்தினால் சாம்பல். மறுநாள் எடுத்து, அரைத்து, துணியில் சலித்து, கொஞ்சம் உப்புச் சேர்த்து, பழைய வேட்டித் துணியில் கொட்டி, முழங்கை நீளத்துக்கு இறுக உருட்டித் தைக்க வேண்டும். பனைமட்டையை மூன்று கீற்றாகப் பிளந்து நடுவில் அதை வைத்துக் கட்டி, நீளமாக ஒரு கயிறு பிணைத்தால் மாவலி தயார்.

நுனியில் ஒரு கங்கை வைத்துக் கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்றக் காற்றுப் பட்டுக் கரி கனியும். கனிந்த துகள்கள் படபடவென்று உதிர்ந்து நாலு பக்கமும் பறக்கும். சுற்றுகிறவனைச் சுற்றி ஒரு பொன் வட்டம். வட்டத்திலிருந்து பொன் மழை. கடையில் வாங்கும் கம்பி மத்தாப்பில் நாம் வெறுமனே பிடித்துக்கொண்டு நிற்கலாம்; அது தானே எரிந்து தீரும். மாவலியில் கை ஓய்ந்தால் பொறியும் ஓய்ந்துவிடும். 'மாவலியோ மாவலி' என்று கத்திக்கொண்டு தோள் வலிக்க வலிக்கச் சுற்றுவோம். மகாபலிச் சக்கரவர்த்தியின் பெயரால் வந்தது இந்தப் பெயர் என்பார்கள். வந்திருப்பவன் யார் என்று குரு எச்சரித்தும் கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்காத அரசன் அவன். இதை இந்த இடத்தில் நான் சும்மா சொல்லவில்லை.

1990-ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. எங்கள் தெருப் பையன்களுக்கு மாவலி செய்து கொடுத்தவன் ஒரு பனையேறியின் மகன். என் வகுப்பில் படித்தவன். ஒரு மாவலி ஒரு ரூபாய். பனையேறிகளுக்குப் பதநீர்க் காலம் ஆடியோடு முடிந்துவிடும். அதன்பிறகு மழை மாதங்களில் கையில் காசு இராது. எங்கள் வீட்டில் கொழுக்கட்டை வேகும் மாதம் அவர்கள் வீட்டில் உலை கொதிப்பதே சந்தேகமான மாதம் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் ரூபாயை நான் ஏற்கெனவே வேறெதற்கோ செலவழித்துவிட்டேன்.

அவனிடம் போய்ப் பேரம் பேசினேன். "காசு இல்லல. ஆனா எங்க தெருவுல மொத சுத்து நீதான் சுத்தணும். சத்தியமா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சரி என்றான்.

கார்த்திகை அன்று சாயங்காலம் மாவலியைக் கொண்டுவந்தான். மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடப் பெரிதாகச் செய்திருந்தான். தெருமுனையைத் தாண்டி வந்தவனை, திண்ணையில் இருந்த எங்கள் பெரியப்பா பார்த்தார். அவர் கெட்டவர் அல்லர். யாரையும் அடித்தவரும் அல்லர். சாதாரணமான குரலில், "ஏல, குடுத்திட்டேல்லா? அங்கன முனையில போயி நின்னு பாரு" என்றார். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. நாய்க்கும் மாட்டுக்கும் வழி சொல்வதுபோல் ஊர் வழக்கத்தைச் சொன்னார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த மாவலியைப் பார்த்தேன். கங்கை வைத்தேன். சடக்கென்று பிடித்துக்கொண்டது. சுற்றினேன். அந்தத் தெருவில் அப்படி ஒரு பொறியை அன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

இதில் பொன் வட்டம் மட்டும் முப்பது ஆண்டுகளாக என்னிடம் பத்திரமாக இருந்தது. பேரமும், சத்தியமும், பெரியப்பாவின் குரலும், தெருமுனை இருட்டில் நின்ற ஒருவனும் மெல்ல மெல்ல உதிர்ந்து போயின. கடைசியில் மாவலியைச் செய்தவனும் நானேயாகிவிட்டேன். சுற்றி முடித்தபின் மிச்சத்தை அவனிடம் கொடுத்ததாகவும் எனக்கு ஒரு ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாபகத்தை நான் இப்போது நம்பவில்லை. அது மிகவும் வசதியான ஞாபகம்.

நான் வேதாந்தம் முறையாகப் படித்தவன் அல்லன். கௌடபாதரின் மாண்டூக்ய காரிகையைத் தமிழ் உரையோடு புரட்டியிருக்கிறேன். அதன் நான்காம் பிரகரணத்துக்கு 'அலாத சாந்தி' என்று பெயர். அலாதம் என்றால் கொள்ளிக்கட்டை. கொள்ளியைச் சுழற்றினால் வட்டம் தெரிகிறது. நிறுத்தினால் வட்டம் இல்லை. அந்த வட்டம் எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகவில்லை. உலகத் தோற்றமும் அப்படித்தான் என்கிறார் ஆசிரியர். விஞ்ஞானமும் தன் பங்குக்கு ஒன்று சொல்கிறது. கண்ணில் பட்ட ஒளியின் சாயல் ஒரு நொடியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நேரம் தங்கி நிற்பதால், ஒரே ஒரு கங்கு முழு வட்டமாகத் தெரிகிறதாம்.

ஆக, நான் போற்றி வந்த பொன் வட்டம் அன்றைக்கே இல்லாத ஒன்று. இருந்தது ஒரு கங்கும் ஒரு கையும்தான். இதை நினைத்தபோது முதலில் ஆறுதலாகக்கூட இருந்தது. எல்லாம் தோற்றம் என்றால் எதற்காக வருந்த வேண்டும்? ஆனால் கொஞ்சம் யோசித்தால் இந்த ஆறுதல் நிற்காது. வட்டம் தோற்றமாக இருக்கலாம். குழி தோண்டிய கை தோற்றமா? கொடுத்த சத்தியம் தோற்றமா? பெரிய தத்துவத்தைச் சின்னக் கடனுக்குச் சாக்காகக் காட்டுவது, நம் நாட்டில் புதிய பழக்கம் அல்ல. கௌடபாதர் அதற்குப் பொறுப்பும் அல்ல.

இந்த விஷயத்தை நண்பர்களிடம் சொன்னபோது இரண்டு விதமான தீர்ப்புகள் வந்தன. "பழைய பண்டிகைகள் எல்லாமே இப்படித்தான். ஒருவன் சுற்ற ஒருவன் இருட்டில் நிற்க வேண்டும். அவற்றை நினைத்து உருகுவதே தப்பு. தூக்கி எறி" என்றார் ஒருவர். "பத்து வயதுப் பையனுக்கு என்ன தெரியும்? குழந்தை மனதில் கள்ளம் ஏது? இதையெல்லாம் கிளறி உன் சந்தோஷத்தை நீயே கெடுத்துக்கொள்ளாதே" என்றார் இன்னொருவர்.

இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. தூக்கி எறி என்றவருக்கு நான் சொல்வது இது: என் சந்தோஷம் பொய் அல்ல. அந்தப் பொறியைக் கண்டு நான் அடைந்த ஆச்சரியத்தில் பெரியப்பாவுக்குப் பங்கு இல்லை. மாவலி அவருடைய சொத்தும் அல்ல. அது பனங்காட்டின் சொத்து, செய்தவனின் சொத்து. அதை எறிந்தால் அவன் கைத்திறனைத்தான் எறிந்தவனாவேன்.

குழந்தைக்கு என்ன தெரியும் என்றவருக்கு நான் சொல்வது வேறு. பத்து வயதில் நான் செய்தது பிழைதான். பயந்த பிள்ளை செய்த பிழை. அதற்கு மன்னிப்பு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதன்பிறகு முப்பது முறை அந்தக் கதையைச் சொன்னவன் பத்து வயதுப் பிள்ளை அல்லவே! இருபது வயதில் சொன்னேன், முப்பதில் சொன்னேன், நாற்பதைத் தாண்டியும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவனை இன்னும் கொஞ்சம் அழித்தேன். குழந்தை அவனைத் தெருவிலிருந்துதான் விலக்கியது. பெரியவனான நான் கதையிலிருந்தே விலக்கிவிட்டேன். குற்றம் என்று ஒன்று இருந்தால், அது அன்றைய விளையாட்டில் இருந்ததைவிட இன்றைய நினைவில்தான் அதிகம்.

இளம்பருவத்தை நினைத்து மகிழ நமக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் கணக்கை முழுதாக எழுத வேண்டும். வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்டுவிட்டால் அதற்குக் கள்ளக் கணக்கு என்று பெயர்.

இந்த முடிவுக்கு வந்தபின் சும்மா இருக்கக் கூடாதல்லவா? தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனபோது அவனைத் தேடிப் போனேன். திருச்செந்தூர் சாலையில் பங்க்சர் கடை வைத்திருக்கிறான். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். "வாங்க, எப்ப வந்தீங்க?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். பள்ளிக்கூடத்தில் 'ஏல' என்று கூப்பிட்டவன். 'நீங்க' என்ற அந்தச் சொல்லே எனக்குச் சுருக்கென்றது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேரம், சத்தியம், பெரியப்பா, தெருமுனை. சொல்லும்போது தொண்டை அடைத்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டான். பிறகு சிரித்தான்.

"நீங்க இன்னுமா அத நெனச்சிக்கிட்டு இருக்கீங்க? எனக்கு ஞாபகமே இல்ல."

"மொத சுத்து உனக்குன்னு சத்தியம் பண்ணியிருந்தேனே?"

"மொத சுத்தா? நல்லாருக்கே! செஞ்ச மாவலியச் சுத்திப் பாக்காமலா குடுப்பேன்? நுனிய லேசாப் பத்தவச்சி, நாலு சுத்து சுத்திப் பாத்து, அணைச்சிதான் கொண்டாருவேன். அதனாலதான நீங்க வச்சதும் பிடிக்கும்." டியூபைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தான். "உங்க தெருவுல என்னத்தச் சுத்த முடியும்? இந்தப் பக்கம் ஓடு இடிக்கும், அந்தப் பக்கம் தந்திக்கம்பி. எங்க விளையில மணல்ல நின்னு சுத்தணும். நாங்க மூணு ராத்திரி சுத்துவோம். பன உயரத்துக்குப் பொறி போவும்."

எனக்குப் பேச்சு எழவில்லை. முப்பது ஆண்டுகள் அவனை அழித்து வைத்திருந்தேன். பிறகு, இருட்டில் ஏங்கி நின்ற ஒரு பரிதாபப் பிராணியாக அவனை வரைந்து வைத்திருந்தேன். அவனுக்கென்று ஒரு பனங்காடும், மூன்று இரவுகளும், என் வட்டத்தைவிடப் பெரிய வட்டமும் இருந்திருக்கும் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. நினைவிலும் சரி, வருத்தத்திலும் சரி, வட்டத்தின் நடுவில் நின்றவன் நான்தான்.

அதனால் என் கடன் தீர்ந்துவிட்டதா? கடன் கொடுத்தவன் மறந்துவிட்டால் வாங்கியவனுக்கு விடுதலை என்று எந்த தர்மத்திலும் இல்லை. பேருந்தில் திரும்பி வரும்போது இன்னொன்றும் தோன்றியது. அந்தத் தெருமுனை எனக்கு ஒரே ஒரு நாள் சங்கதி. அதனால் எப்படியோ திரும்பி வந்தது. அவனுக்கு அப்படி நின்ற நாட்கள் எத்தனையோ? எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் வாழ முடியுமா? அவன் மறந்ததை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்வதற்கில்லை.

புறப்படும்போது, என் மகள் மாவலி கேட்கிறாள் என்று சொன்னேன். "பனைதான் கொறைஞ்சு போச்சு. இருந்தாலும் பாப்போம்" என்றான். 1978-இல் பனையை மாநில மரம் என்று அறிவித்தார்கள். 2021-இல் கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்றும் அறிவித்தார்கள். ஒரு மரத்துக்குப் பாதுகாப்புத் தேவைப்படும்போதே அதன் நிலைமை தெரிந்துவிடுகிறதல்லவா?

இந்த ஆண்டு கார்த்திகைக்கு இரண்டு நாள் முன்னால், பேருந்தில் ஒரு பொட்டலம் வந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே இரண்டு மாவலிகள். காசு எவ்வளவு என்று போனில் கேட்டேன். "ஒரு ரூவாதான. அப்பமே பாக்கி இருக்கு" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான். ஞாபகமே இல்லை என்றவனுக்கு ஒரு ரூபாய் எப்படி ஞாபகம் வந்தது என்று நான் கேட்கவில்லை.

மகள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இதன் நுனி ஏன் கருகியிருக்கிறது? ஏற்கெனவே யாரோ சுற்றியிருக்கிறார்களே!"

"ஆமாம் அம்மா. செய்தவர் சுற்றியிருக்கிறார்" என்றேன்.

"யார் அவர்?"

மொட்டைமாடிக்குப் போகும் முன், படியில் உட்கார்ந்து அவளுக்கு முழுக் கதையையும் சொன்னேன்.